எட்டு ஜோடி ரப்பர் கிளவுஸ்

மே 6, செவ்வாய்

இன்று எட்டு ஜோடி கிளவுஸ் சோதித்தேன். எட்டும் பாஸ். அதனால்தான் வயிறு எரிகிறது.

இந்த டைரி ஜனவரியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனி எங்கள் லேப் பொறுப்பாளர் தாணுலிங்கம் சாருக்குக் கொடுத்தது. அவர் என் தலையில் கட்டினார். நாலு மாதம் அரிசி டின் மேல் கிடந்ததை இன்றுதான் எடுத்தேன். லேப் ரிஜிஸ்டரில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, கட்டைவிரல் அகலம். இன்றைக்கு எனக்கு அது காணாது.

என் வேலையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். வடசேரியில் ஒரு பழைய அரிசி மில் கட்டடத்தில் எங்கள் லேப். கரண்ட் லைனில் வேலை செய்கிறவர்கள் போடும் ரப்பர் கிளவுஸ் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எங்களிடம் வரும். கிளவுஸின் வாயைச் சுருட்டி, காற்றை அடைத்து, எங்காவது ஒழுகுகிறதா என்று காதருகே வைத்துக் கேட்பேன். பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிடுவேன். உள் தண்ணீரில் ஒரு வயர், வெளித் தண்ணீரில் ஒரு வயர். நடுவில் ரப்பர் மட்டும். இருபதாயிரம் வோல்ட் வரை ஏற்றி ஒரு நிமிடம் பார்ப்பேன். தாங்கினால் தேதி முத்திரை. தாங்காவிட்டால் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பேனல் தானே அணைந்துவிடும். கிளவுஸுக்குத் தண்ணீர் காட்டுகிறவள் என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்று வந்த எட்டு ஜோடியும் ஆரல்வாய்மொழி தென்முனை காற்றாலைக்காரர்களுடையது. அங்கே லைன் கேங்கில் எட்டு ஆள். ஐந்தாம் நம்பர் ஜோடி ரசல்ராஜுடையது, அதாவது என் வீட்டுக்காரருடையது.

சோதிக்குமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். ஐந்தாம் நம்பரின் உள்ளே தொழிற்சாலையில் தூவிய வெள்ளைப் பவுடர் அப்படியே இருந்தது. விரல் நுனியில் கூட ஒரு தடம் இல்லை. ஆறு மாதமாக அந்த மனுஷன் தினமும் சாயங்காலம் வந்து, "போட்டுத்தான் பிள்ளே செஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்ற ஏழையும் திருப்பிப் பார்த்தேன். ஏழிலும் பவுடர். எப்படிப் பாஸாகாமல் இருக்கும்? ஒருத்தன் கைகூட உள்ளே போகவில்லை.

அவர்கள் தொடுகிற லைன் பதினோராயிரம் வோல்ட்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் இருந்தேன். மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றார்.

மே 7, புதன்

இன்றும் கேட்கவில்லை. இன்று உப்பே போடவில்லை.

மே 8, வியாழன்

அவரே கேட்டார். "என்னவாக்கும் கோவம்? ரெண்டு நாளா வாய்க்கு வெளங்காத சாப்பாடு."

"அஞ்சாம் நம்பர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. பொய் சொல்லத் தெரிகிற ஆளுக்குப் பிடிபடத் தெரியவில்லை.

"லைன ஆஃப் பண்ணிட்டுதானே பிள்ளே வேல செய்யோம்."

"சுவிட்ச இறக்கினா மூணு பிளேடும் திறக்கும்னு யாரு எழுதித் தந்தா? காத்துக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டு நிக்காதா?"

அது அவருக்கும் தெரியும். அந்தச் சுவிட்சுக்குக் கம்பத்தின் உச்சியில் கம்பிக்கு ஒன்றாக மூன்று பிளேடு, கீழே ஒரு கைப்பிடி. கைப்பிடியை இறக்கினால் மூன்றும் பிரியவேண்டும். ஆடிக் காற்றில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பது அந்த மலையடியில் புதிதில்லை. அதற்காகத்தான் கரண்ட் இருக்கிறதா என்று மணி வைத்த நீளக் குச்சியால் தொட்டுப் பார்ப்பதும், எர்த் கம்பி மாட்டுவதும், அதையெல்லாம் கிளவுஸோடு செய்வதும்.

பிறகு அவர் கையை நீட்டினார். விரலிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. "போன வாரம் ஸ்டோர்ல கெடந்த பழைய ஜோடிய ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். பத்து நிமிசத்தில உள்ள வெள்ளம் கட்டுது. பவுடரும் வேர்வையும் சேந்து சொறியா சொறியுது. ராத்திரி நீ உறங்கின பொறவு செவுத்தில தேய்ப்பேன். எல்லாப் பயலுக்கும் இதுதான்."

பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். அந்தக் கையை நான் பார்க்கவில்லை. கிளவுஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனி எங்கிட்ட பொய் சொல்லாண்டாம்" என்றேன். "செரி. போடுகேன்" என்றார். இன்று குழம்பு நன்றாக இருந்ததாம்.

மே 12, திங்கள்

நாலு நாளாகப் போட்டிருக்கிறார். கையைப் பார்த்தாலே தெரிகிறது, சிவப்பு மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், சொறிக்கு டோக்கன் எடுத்து உட்கார வெட்கமாம்.

சாப்பிட்டதும் தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடுபண்ணி விரலிடுக்கில் தேய்த்துவிட்டேன். ஒவ்வொரு விரலாக. மருந்துதான், வேறொன்றும் இல்லை. அரை மணி நேரம் ஆயிற்று.

மே 13, செவ்வாய்

"பிள்ளே, இன்னைக்கு கை வழுக்கிக்கிட்டு உள்ள போச்சி கேட்டியா" என்று வாசலிலேயே சொன்னார். காலையிலும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு போனாராம். சொறியவே இல்லையாம். பழைய இருமல் மருந்துக் குப்பியைக் கழுவி, எண்ணெய் ஊற்றி, டூல் பைக்குள் வைத்துக் கொடுத்தேன்.

இவ்வளவு லேசான விஷயத்துக்கு இரண்டு நாள் பட்டினி போட்டேனே என்று இருந்தது.

மே 20, செவ்வாய்

நீலகண்டன் அண்ணாச்சி போன் பண்ணினார். அவர்தான் அந்தக் கேங்கின் போர்மேன். முப்பது வருஷ அனுபவம், பேசினால் முதலில் அதைத்தான் சொல்வார்.

"விஜிலா, நீ ரசல என்ன செஞ்ச? அவன் கிளவுஸ் போடுகான், மத்தவனுவளையும் போடச் சொல்லுகான். மாகீன் கூட போடுகான்னா பாத்துக்க."

மாகீன் தக்கலைக்காரன். கல்யாண மோதிரத்தைக்கூட கை வியர்க்கும் என்று கழற்றி வைத்தவன். அவனே போடுகிறான் என்றால் நான் ஏதோ சாதித்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். தாணுலிங்கம் சாரிடம் சொன்னேன். "நோட்டீஸ் அடிச்சு ஒட்டினோம், கூட்டம் போட்டோம், ஒருத்தனும் கேக்கல. நீ எப்படிம்மா?" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அடக்கமாகச் சிரிப்பதற்குக் கொஞ்சம் முயற்சி செய்யவேண்டியிருந்தது.

மே 30, வெள்ளி

எண்ணெய் தீர்ந்துவிட்டது. போன வாரம்தான் அரை லிட்டர் வாங்கினேன். வீட்டில் ஆள் இரண்டு. என் தலைமுடியும் ஒன்றும் கூடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்று லேபில் எனக்கும் ஒரு ஜெனரேட்டர் கடைக்காரருக்கும் சண்டை. ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் விரிக்கும் ரப்பர் மேட்டை சோதனைக்குக் கொண்டுவந்தார். விரித்தால் டீசல் நாற்றம். ஒரு மூலை ஊறி, பூரி மாதிரி உப்பிக்கிடந்தது.

சுவரைக் காட்டினேன். நானே கலர் பேனாவால் எழுதி ஒட்டியது: 'எண்ணெய், கிரீஸ், பெட்ரோல், டீசல் படவே கூடாது. ரப்பர் ஊறும். ஊறிய ரப்பர் கரண்டைத் தடுக்காது.'

"அங்க எழுதி இருக்குல்லா. கண்ணு தெரியாதா?"

"இப்பத்தானம்மா பாக்கேன்" என்றார் பாவம்.

"ஒரு மனுசன் இது மேல நின்னுக்கிட்டு ஸ்விட்ச் போடுவான். அவனுக்கு ஊறினது தெரியுமா? உங்கள நம்பித்தானே நிக்கான்." நன்றாகவே திட்டிவிட்டேன். மேட்டை நடுவில் இரண்டாக வெட்டித்தான் திருப்பிக் கொடுத்தேன், மறுபடி விரித்துவிடக் கூடாதே. சார் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விஜிலா இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை என்றார்.

வரும் வழியில் தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினேன்.

ஜூன் 21, சனி

காற்று சீசன் பிடித்துவிட்டது. ரசல் வரும்போது தலைமுடி ஒரு பக்கமாகவே நிற்கிறது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், யாரோ பக்கத்து வீட்டுக்காரன் கதை மாதிரி.

"இன்னைக்கு ஒரு பிளேடு மாட்டிக்கிச்சி. மூணாவது கம்பத்தில. கீழருந்து பாத்தா மூணும் தெறந்த மாதிரித்தான் தெரிஞ்சுது. குச்சியக் கொண்டு தொட்டேன், அதுல உள்ள மணி அடிச்சிட்டு. அப்படியே எறங்கிட்டேன். இன்னும் கொஞ்சம் மீன் வையி."

"கிளவுஸ் போட்டிருந்தீங்களா?"

"பின்ன?"

நான் தைரியமாகத்தான் இருந்தேன். நான் சொன்னதைக் கேட்டதால்தான் என்றுகூடச் சொன்னேன். நாளைய அவியலுக்கு இன்றே தேங்காய் துருவியபோது விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன், அது கவனக்குறைவு.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். பிரசங்கம் நீளம். ரசலின் கை இப்போது குழந்தை கை மாதிரி இருக்கிறது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். ரசல் ஐந்தாம் நம்பர் ஜோடியைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார். நனைந்துவிட்டதாம், நிழலில் உலர்த்தித் தரச் சொன்னார்.

கையில் எடுத்ததும் என் விரல் அதில் ஒட்டியது. வலது கையின் கட்டைவிரலும் நடுவிரலும் வீங்கியிருந்தன. அழுத்தினால் என் ரேகை அதில் பதிந்து, மெதுவாகத்தான் மறைந்தது. இரண்டு மாதம் முன்னால் நான் முத்திரை குத்திய அதே கிளவுஸ்.

காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன்:

வெயிலில் வைத்திருப்பார்கள்.

மடித்து வைத்திருப்பார்கள்.

தயாரித்தபோதே ரப்பர் சரியில்லாமல் இருந்திருக்கும். இப்போதெல்லாம் எதை நம்ப முடிகிறது?

மழைத்தண்ணீர். ஆனால் நான்தானே அதைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சோதிக்கிறேன். அது இல்லை.

ரசலிடம், "இது பழசாயிட்டு. நாளைக்கு ஸ்டோர்ல வேற ஜோடி வாங்கிப் போடுங்க" என்றேன். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை. நான் சொன்னால் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஐந்தாம் நம்பரை லேபுக்கு எடுத்துப்போனேன். சோதிக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் மாற்றவேண்டியிருந்தது. மாற்றி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு ரிஜிஸ்டர் வேலை. அந்தச் சுவர்ப் பக்கம் உட்கார்ந்தால் காற்று வரவில்லை, அதனால் மேஜையை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

வெயிலாகத்தான் இருக்கும்.

ஜூலை 16, புதன்

இன்றைய நாள் முழுவதையும் எழுதவேண்டும்.

காலை ஆறே முக்கால். ரசல் ஷூ மாட்டிக்கொண்டே, "பிள்ளே, எண்ணெ ரெண்டு குப்பியாத் தா. ஆள் எட்டுல்லா, ஒண்ணு காண மாட்டேங்கு" என்றார்.

"எட்டு ஆளா?"

"பின்ன நான் மட்டுமா தேய்ப்பேன்? எல்லாப் பயலும் என் பைக்குள்ளதான் கையப் போடுகான். விஜிலா எண்ணெண்ணு பேரே வச்சாச்சி. சில ஆளு கிளவுஸுக்குள்ள நேரா ஊத்துகான்."

நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த குப்பியைக் கீழே வைத்தேன்.

பதினாலாம் தேதியே எனக்குத் தெரியும். கட்டைவிரலைத் தொட்டதுமே தெரியும். எழுதாமல் விட்டேன். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறும் என்று சுவரில் எழுதியவள் நான். டீசல்காரரைத் திட்டியவள் நான். என் தலையில் எண்ணெய் என்றால் கருப்பாக, டின்னில், மிஷினுக்கு ஊற்றுவது. தேங்காய் எண்ணெயை எண்ணெய்க் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. அது தோசைக்கு, தலைக்கு, பிள்ளையின் தொப்புளுக்கு, ஆறாத புண்ணுக்கு. எங்கள் ஊரில் அது கெடுதல் செய்யும் என்று யார் நினைப்பார்? பத்து வருஷம் ரப்பரைத் தொட்டுப் பிழைக்கிறவள் நினைத்திருக்கவேண்டும். ஒரு ஆளுக்குத்தானே, அவருக்கு வேறு ஜோடி வாங்கச் சொல்லிவிட்டோமே என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு நாளும் ஏழு பேர் ஊறிய ரப்பரைப் போட்டுக்கொண்டு கம்பத்தடிக்குப் போயிருக்கிறார்கள்.

சொன்னேன். ரசல் ஒரு ஷூவோடு நின்று கேட்டார். நீலகண்டன் அண்ணாச்சிக்குப் போன் போட்டார், கிடைக்கவில்லை. மலையடியில் டவர் அப்படித்தான். நான் ஸ்கூட்டரை எடுத்தேன், அவர் பின்னால் ஏறினார். நைட்டியை மாற்றினேனா என்று தோவாளை தாண்டித்தான் நினைவு வந்தது. மாற்றியிருந்தேன்.

எங்கள் நல்ல காலம், எட்டு மணிக்குத்தான் லைனுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஆரல்வாய்மொழியில் ஜூலைக் காற்றில் பேசினால் வார்த்தை வள்ளியூருக்குப் போய்விடும். கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. "கிளவுஸெல்லாம் கீழ வைங்க. எண்ணெ பட்டு கெட்டுப்போச்சி. யாரும் போடாண்டாம்."

"தேங்கா எண்ணெயுமா அக்கா?" என்று மாகீனும் கத்தினான்.

"அதுவுந்தான்."

சத்தம் கேட்டு மேனேஜர் ஆபீசிலிருந்து வந்துவிட்டார். கிளவுஸில் எண்ணெய் போட யார் சொன்னது என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் ரசல். "கை சொறிஞ்சுது, என் ஐடியா. எல்லாருக்கும் நான்தான் குடுத்தேன்."

காற்று அதிகம். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். யாருக்கும் கேட்டிருக்காது.

லைன் வேலை முழுக்க நிறுத்தம். மற்ற ஏழு ஜோடியையும், ரசல் ஸ்டோரில் வாங்கியதையும் சாக்கில் கட்டி என் ஸ்கூட்டரில் வைத்தார்கள்.

ஜூலை 17, வியாழன்

ரசலுக்கு மெமோ. ஒரு வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார். ஒழுகிற பைப்பைக் கழற்றினார், மாட்டவில்லை. பைப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ லேப்காரி. நீ சொல்லித்தான் செஞ்சோம்னா உன் வேல போயிரும். எனக்கு மெமோ புதுசா? பொய்தான், ஆனா இதுனால யாருக்கும் நட்டமில்ல."

லேபில் சாருக்கும் ஒன்றும் தெரியாது. 'எண்ணெய்' என்றும், ஊழியர்கள் தாமாகப் பூசியது என்றும் எழுதிவிடு, அதோடு முடிந்தது என்றார். ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டம் பெரியது. ரிஜிஸ்டர் மாதிரி இல்லை. மேலே 'எண்ணெய்' என்று எழுதிவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் மாகீன் போன் பண்ணினான்.

"அக்கா, இங்க எல்லாவனும் சிரிக்கான். ரசல் அண்ணன் சொல்லித்தான் நீங்க பயந்து ஓடி வந்தீங்களாம், அவருக்கு ரப்பரப் பத்தி என்ன தெரியும், மேனேஜர் சும்மா பயப்படுகாருங்கான். ஸ்டோர்லருந்து பழைய கிளவுஸ் நாலு ஜோடி எடுத்தாச்சி. நீலகண்டன் அண்ணாச்சி திங்கக்கிழம வேல தொடங்கணும்ங்காரு. உங்க எண்ணெதான் தீந்து போச்சி, நான் வீட்டுலருந்து கொண்டாந்தேன். கொஞ்சமாப் போட்டா ஒண்ணும் ஆவாதுல்லா?"

நட்டமில்லாத பொய் இதுதான். எண்ணெய் கெடுதல் என்ற பேச்சு ரசலிடமிருந்து வந்தது என்றால் எவனும் நம்பமாட்டான். அவர் கையில் முத்திரை இல்லை. போடச் சொன்னதே சோதிக்கிறவள்தான், அவளுக்கே தவறிப்போயிற்று என்று தெரிந்தால்தான் குப்பியைத் தூர எறிவார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு போன் தேவைப்பட்டது.

"ஒரு சொட்டும் போடாண்டாம் மாகீன். போடச் சொன்னது ரசல் இல்ல. நான்" என்றேன். அவன் ஏதும் கேட்குமுன் சேர்த்துச் சொன்னேன்: "அந்த நாலு ஜோடியயும் கட்டி வையி. நாளைக்குக் காலையில எல்லாரும் லேபுக்கு வாங்க. மேனேஜர்கிட்ட நான் பேசுகேன்."

மேனேஜரிடம் பேசினேன். பிறகு 'காரணம்' கட்டத்தில் 'எண்ணெய்' என்பதற்குக் கீழே எழுதினேன்: தேங்காய் எண்ணெய். பயன்படுத்தச் சொன்னது: ஆர். விஜிலா, சோதனைப் பணியாளர், இந்த ஆய்வகம். கீழே கையெழுத்து.

சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை. "மூணு மாசத்துக்கு சர்ட்டிபிகேட்ல உன் கையெழுத்து வேண்டாம். நான் போடுகேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள போட மெல்லிசு பருத்தி கிளவுஸ் வரும்மா. வேர்வைய அது இழுத்துக்கும். அத யாருமே சொல்லலியா அவனுவகிட்ட?" என்றார். யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் எண்ணெயைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ரசலிடம் சொன்னேன். "கிறுக்கு பிடிச்சிருக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டுப் பைப்பை மாட்டப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

ஜூலை 19, சனி

பத்து மணிக்கு வந்தார்கள். எட்டு லைன்மேன், மேனேஜர், சார், நான். அரிசி மில்லாக இருந்தபோது கூட அந்த ரூமில் இத்தனை ஆள் நின்றிருக்கமாட்டார்கள். தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். ரசல் கதவோரம் நின்றார். காலையிலிருந்து என்னிடம் நாலு வார்த்தைதான் பேசியிருந்தார்.

முதலில் சொல்லவேண்டியதைச் சொன்னேன். இங்கே காற்று இல்லை, கத்தவேண்டியிருக்கவில்லை. "எண்ணெய் நான் குடுத்தது. ரப்பருக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்ச பொறவும் ரெண்டு நாள் சொல்லாம இருந்தேன். ரசல் சொன்னது என்னக் காப்பாத்த."  மேனேஜர் ரசலைப் பார்த்தார், ரசல் ஜன்னலைப் பார்த்தார்.

அவரவர் வலது கை கிளவுஸை அவரவரையே கொண்டு தண்ணீர் ஊற்றி மாட்டச் சொன்னேன். ஒன்றாம் நம்பர் நீலகண்டன் அண்ணாச்சி. டயலைத் திருப்பினேன். ஐந்தாயிரம், பத்து, பதினைந்து, இருபது. ஒரு நிமிடம். அசையவில்லை. "பாத்தியா, முப்பது வருச அனுபவம்" என்றார். அவருடைய இடது கை கிளவுஸை உள்ளே திருப்பிக் காட்டினேன். மே மாதம் சோதித்து உலர்த்தியபின் நான் தூவிய பவுடர் பத்திரமாக இருந்தது. எல்லாரும் போடுகிறார்கள் என்று போனில் பெருமையடித்த ஆள் ஒரு நாள் கூடப் போடவில்லை. ஏழு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷமும் கழிந்துவிட்டது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது, அதோடு சிரிப்பு முடிந்தது.

இரண்டாம் நம்பர் பதினாலில் வெடித்தது. மூன்றாம் நம்பர் பதினேழு. நாலாம் நம்பர் தாங்கியது. அந்த ஆள் எண்ணெய் வாசம் பிடிக்காது என்று போடாதவராம். ஆறு, பன்னிரண்டு. ஏழு, மாகீனுடையது, ஒன்பதில். அவன்தான் உள்ளே நேராக ஊற்றுகிறவன். சத்தம் கேட்டதும் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான், அதற்குப் பிறகு விடவே இல்லை. எட்டு, பத்தில். ஓட்டை குண்டூசி முனை அளவுதான். ஓட்டையைச் சுற்றிக் கருகல். ஒவ்வொருவரும் தன்னுடையதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நம்பரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வைத்திருந்தது வேண்டுமென்றுதான் என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். ரசல் தண்ணீர் ஊற்றினார். "எம்பொண்டாட்டி கையால தேய்ச்ச எண்ணெ, அம்பதாயிரம் தாங்கும்" என்றார். ரூமே கொஞ்சம் லேசானது.

டயலைத் திருப்பினேன். இரண்டு. மூன்று. நாலு தொட்டதும் வெடித்தது.

நாலாயிரம். பேனல் அணைந்த பிறகும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைனில் ஓடுகிறது பதினோராயிரம்.  தொட்டித் தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்டது.

ரசல்தான் பேசினார், யாரிடமும் இல்லாமல். "அந்த மூணாவது கம்பம். ஒரு பிளேடு மாட்டிக்கிட்டு நின்னுச்சே. இத போட்டுக்கிட்டுத்தான் குச்சியப் பிடிச்சேன். தைரியமாப் பிடிச்சேன்."

குச்சி நல்ல குச்சி, அதுதான் காப்பாற்றியது. கிளவுஸ் இல்லாமல் போயிருந்தால் பயத்தோடு, தள்ளி நின்று பிடித்திருப்பார். நான் கொடுத்த தைரியத்தில் கிட்டப் போயிருக்கிறார். அன்றைக்கு நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், திருப்பிப் பார்க்கவில்லை. நான் அழுதேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், டயலில் வைத்த கையோடு. சார் எல்லோரையும் கீழே டீ குடிக்கக் கூட்டிப்போனார். மேனேஜர் போகும்போது, பருத்தி கிளவுஸும் புது ஜோடிகளும் வரும்வரை லைன் வேலை இல்லை, ஸ்டோர்ல இருந்த பழசையும் வெட்டிப்போடுங்க என்றார். மாகீன் எண்ணெய்க் குப்பிகளைப் பையிலிருந்து எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான், ஒன்றொன்றாக.

ரசல் நின்றுகொண்டிருந்தார். தொட்டியிலிருந்து ஐந்தாம் நம்பரை எடுத்து, தண்ணீரைக் கொட்டி, துடைத்து, ஓட்டை இருந்த இடத்தைப் பெருவிரலால் மூடிப் பார்த்தார். "வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நான்தான் ஸ்கூட்டர் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்காருவார். எங்கள் வீட்டில் என்றைக்கும் அப்படித்தான். கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அவர் இரண்டு கையையும் தன் முட்டியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். ஊர் பார்க்கும் என்பார். பிரேக் போட்டால் கூட என்னைப் பிடித்ததில்லை.

இன்று வடசேரி சந்திப்பில் திரும்பும்போது வலது கையை என் தோளில் வைத்தார். சந்தையில் சனிக்கிழமைக் கூட்டம், தெரிந்த ஆட்கள் நாலு பேர் பார்த்தார்கள், என் அக்கா வீட்டுக்காரர் உட்பட. வெட்டூர்ணிமடம் சிக்னலில் சிவப்பு விழுந்து இரண்டு நிமிடம் நின்றோம். அப்போதும் எடுக்கவில்லை.